ஐப்பசிக்கு மூன்று பலகைகள்

வெல்லவாயாவில் பஸ் மாறும்போது
கண்டக்டர் மூன்றையும் கண்ணாலேயே அளந்தான்.
"இது ஆளா, சாமானா?"
ஒன்பதடிக்கு அரை டிக்கெட் கிழித்தான்.
மற்ற இரண்டும் கைக்குழந்தைகளாம்,
மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னான்.

அறுகம்பேயில் சீசன் முடிந்து
கடல் தட்டையாய்க் கிடந்த நாளில் வந்தவை இவை.
புதுசு வந்தால் முதலில் நான் ஏற வேண்டும்,
எப்படி ஓடுகிறதென்று நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.
அதற்குத்தான் அஸ்மீர் காக்கா சம்பளம் தருகிறார்.
"அலை இல்லையே காக்கா" என்றேன்.
"கொண்டு போ. தீவாளி முடிய வெலிகமைக்குப் போவாய்தானே,
அங்கே பார்."

பூனாகலை மேல்பிரிவில் இறங்கினால் மழை.
ஒன்பதடியைத் தலையில் தூக்கினேன்.
பள்ளிக்கூடம் விட்ட நாலு பிள்ளைகள்
கேட்காமலே அதன் கீழ் வந்து
நனையாமல் நடந்தார்கள்.
வளைவில் நான் திரும்ப
அவர்களும் ஒரே உடம்பாய்த் திரும்பினார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா.
குறுக்கே சாய்த்தபோது
சாமிப்படத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டியிருந்தது.
"இஸ்திரி போடவா இம்புட்டு நீளம்?"
தவமலர் அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.
பார்க்காமலே எப்படித் தெரிந்ததோ.

கரையில் உள்ளங்காலைக் கவ்விப் பிடிக்கும் மெழுகு
இங்கே குளிரில் கல்லாகிவிட்டது.
நகத்தால் கீறினால் சவர்க்காரம் போல உதிர்கிறது.
அடுப்போரம் வைத்து இளக்கினேன்.
தேங்காய் வாசத்துக்குத் தம்பி எட்டிப் பார்த்தான்,
பாயாசம் இல்லையென்று தெரிந்து
கோபித்துக்கொண்டு போனான்.

வெலிகமை வரை பொறுக்கவில்லை எனக்கு.
பிரட்டுக்குப் பேர் கூப்பிடுமுன்
ஃபெக்டரிக் குளத்துக்கு இரண்டைத் தூக்கிப் போனேன்.
கரையில் அட்டை, கணுக்காலில் அட்டை,
தண்ணீரில் இறங்கினால் மூச்சே நின்றுபோனது.
ஆறடியில் படுத்தால் நெஞ்சு வரை அமிழ்கிறது.
உப்பில்லாத தண்ணீருக்குத்
தூக்கிவிடும் பழக்கம் இல்லை.
ஏழடி பரவாயில்லை,
மூக்கு மட்டும் இடப்பக்கம் இழுக்கிறது.

நடுக்குளத்தில் டோர்ச் வெளிச்சம்.
காவல்காரர் வீரபுத்திரன்
சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடி வருகிறார்.
"யாரும்மா அது? கரைக்கு வா!
எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்!
வீட்டுல ஏதும் சொன்னாங்களா?"

என்ன பதில் சொல்வது?
ஏழடியில் எழுந்து நின்று காட்டினேன்.
அலையில் நிற்பது சுலபம், அது நம்மைக் கொண்டுபோகும்.
சும்மா கிடக்கும் தண்ணீரில் நிற்க
முழங்கால் இரண்டும் வேறு வேறு திசைக்கு நடுங்கின.
பனிமூட்டம் வந்து
முதலில் கரையை எடுத்தது, பிறகு அவரை.
டோர்ச் மட்டும் மஞ்சளாய் மிதந்து
அணைந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
பீடி வாசம் வந்தது.
போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார் போல.

பின்னேரம் அம்மா
பதினெட்டுக் கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ குறைவாய் எடுத்து
அரைப்பேரோடு வந்தாள்.
படங்கை அவிழ்த்தாள், தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.
தரையில் மல்லாத்தி வைத்திருந்த ஒன்பதடியைப் பார்த்து
"இதுல படுக்கலாமா" என்றாள்.
மெழுகு பூசாத பக்கத்தைத் திருப்பிப் போட்டேன்,
வால்பக்கத் துடுப்பைக் கழற்றிவிட்டு.
முதுகை வைத்தாள்.
முட்டு முட்டாய் எலும்பு சத்தம் போட்டது.
"நேரா இருக்கு" என்றாள்.
அவ்வளவுதான்.

விளக்கேற்றியும் எழும்பவில்லை.
நானும் தம்பியும் ரொட்டியைத் தின்றுவிட்டு
அவளைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.
வெளியே கூரைத்தகரத்தில்
ஐப்பசி மழை இரைந்துகொண்டிருந்தது,
கண்ணை மூடினால் பொத்துவில் முனை மாதிரி.
கண்ணை மூடவில்லை, நோட்டு எழுத வேண்டியிருந்தது.

ஆறடி: என்னைவிட எடை குறைந்த ஆளுக்கு.
ஏழடி: நிற்க விடுகிறது. இடப்பக்க இழுவையைப் பார்க்கவும்.
ஒன்பதடி: இன்னும் ஏறிப் பார்க்கவில்லை.
ஆள் இறங்கவில்லை.